பிரியத் தெரிந்த நூல்

என்னிடம் தையல் படிக்க வருகிற பெண்கள், ஒட்டுப்போர்வை தைக்கப் பருத்தி நூல் வாங்குவதா, பாலியஸ்டர் நூல் வாங்குவதா என்று கேட்கிறார்கள். கடையில் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். பாலியஸ்டர் விலை குறைவு, எளிதில் அறாது, சாயம் போகாது, எல்லா நிறத்திலும் இருக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் நூல் சொல்லி அனுப்புவதில்லை. எந்தத் துணியில் தைக்கப்போகிறாய், யார் போர்த்திக்கொள்ளப் போகிறார்கள், அந்தப் போர்வை கடைசியில் எங்கே போய்ச் சேரும்? முதல் இரண்டையும் யாரும் புரிந்துகொள்வார்கள். மூன்றாவதைக் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அது நூலைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல; சேர்த்து வைப்பவர்களுக்குப் பிரிவைப் பற்றி என்ன பொறுப்பு உண்டு என்ற கேள்வி.

என் ஊர் விக்கிரமசிங்கபுரம். மேற்கே கொஞ்ச தூரத்தில் பாபநாசம். தாமிரபரணி மலையை விட்டு இறங்கிச் சமவெளிக்கு வருகிற இடம். ஆற்றுத் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் இங்கே ஒரு பஞ்சாலை கட்டினார்கள். அதை நடத்திய மதுரா மில்ஸ் 1974இல் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. என் அப்பா அங்கே வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதுவதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். ஷிப்ட் முடிந்து வரும்போது அப்பாவின் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். நூலை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தே முறுக்கு சரியா என்று சொல்லிவிடுவார். நான் ஊசி பிடிக்கும் முன்பே எனக்கு நூல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

இதே ஊரில் பிறந்தவர் சிவஞான முனிவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் துறவு பூண்டு, மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதி, 1785இல் மறைந்தவர். ஆதீனத்தின் சைவ சித்தாந்த வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அவர் எழுதியவற்றைப் படிக்கத் தொடங்கினேன். அன்னம்பட்டர் வடமொழியில் செய்த தருக்க சங்கிரகத்தை முனிவர் தமிழில் ஆக்கியிருக்கிறார். காரணம் என்றால் என்ன என்று விளக்க அங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் துணி. துணிக்கு அதன் இழைகள் சமவாயி காரணம். இழையும் இழையும் சேர்ந்திருக்கிற சேர்க்கை அசமவாயி காரணம். தறியும் நாடாவும் நிமித்த காரணம். வகுப்பில் மற்றவர்கள் இதை மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அப்பா பஞ்சு ஒட்டிய புருவத்தோடு நின்று பாடம் நடத்துவதுபோல இருந்தது.

நிறங்களைப் பற்றிய பகுதி இன்னும் அழகானது. வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, கபிலம் என்று ஆறைச் சொல்லிவிட்டு, ஏழாவதாகச் சித்திரம் என்று பல்வண்ணத்தையே தருக்க நூலார் தனியொரு நிறமாக வைக்கிறார்கள். பல நிற இழைகளால் ஆன துணி ஒரே பொருள் என்றால், அதற்கு நிறமும் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒட்டுப்போர்வை தைத்து முடித்துக் கொடியில் போட்டுத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு இது வெறும் வாதம் இல்லை. பக்கத்தில் இருக்கும்போது ஊதா, மஞ்சள், அரக்கு என்று தனித்தனித் துண்டுகள். பத்தடி தள்ளிப் போனால் அதுவரை எந்தத் துண்டிலும் இல்லாத ஒரு நிறம் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும்.

என் தொழிலுக்கு நேராக வந்து பேசியது இன்னொரு இடம். பிரிக்க முடியாத உறவுக்குச் சமவாயம் என்று பெயர். பூவும் அதன் நிறமும் அப்படி. தனித்தனியே இருந்த இரண்டு வந்து கூடுவது சையோகம். துண்டோடு துண்டைச் சேர்க்கிற தையல் சையோகம்தான், சந்தேகமே இல்லை. அந்தச் சையோகத்தை அழிப்பது விபாகம். தருக்க நூலார் எண்ணுகிற 24 குணங்களில் சையோகமும் ஒன்று, விபாகமும் ஒன்று. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிரிவதைக் குறை என்று அவர்கள் தள்ளவில்லை. கூடுவதைப் போலவே அதுவும் பொருள்களுக்கு உள்ள ஒரு குணம். இதைப் படித்த பிறகு நூல்கண்டை எடுக்கும்போதெல்லாம் என் கை கொஞ்சம் யோசிக்கிறது.

போர்வைக்காரர்களிடையே ஒரு பழைய விதி உண்டு: நூல் துணியைவிட ஒரு பிடி பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். இழுவை வரும்போது தையல் விட்டால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். தையல் நின்று துணி கிழிந்தால் ஒட்டுப்போட வேண்டியதுதான். ஒட்டுமேல் ஒட்டு எத்தனை நாளைக்கு? பாலியஸ்டர் நூல் கத்திபோலப் பருத்தியை அறுத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதை நான் நம்பவில்லை. பஞ்சுபோல நூற்ற மெல்லிய பாலியஸ்டர் நூலைப் புதுப் பருத்தித் துணியில் போட்டுத் தைத்தவை நன்றாகவே இருக்கின்றன. வம்பு வருவது பழைய சேலையில். வெயிலும் சோப்பும் பட்டுப் பட்டு நூல் சேலை மெலிந்திருக்கும். அதில் வலுத்த நூலைப் போட்டால், யாராவது ஒரு முனையை வெடுக்கென்று இழுக்கும்போது தையலுக்குப் பக்கத்திலேயே கோடு போட்டதுபோலக் கிழியும். தையல் மட்டும் முழுசாக நிற்கும். சேர்த்து வைக்க வந்தது நிலைத்து, சேர்ந்திருக்க வேண்டியது போய்விட்ட அந்தக் கோலம் எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

வங்காளத்துக் காந்தா தைத்த பெண்கள் இதைத் தீர்த்த விதம் எனக்குப் பெரிய பாடம். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டத்தையல் போடுவார்கள். அதற்கான வண்ண நூலையும் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். நூலுக்கும் துணிக்கும் ஒரே வயது. இரண்டும் சேர்ந்தே தேயும். சிக்கனத்தால்தான் செய்தார்கள் என்று சொல்லலாம். சிக்கனத்தில் இவ்வளவு ஞானம் இருந்தால் அதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை.

சமயங்கள் துண்டுத் துணியைச் சும்மா விட்டதில்லை. புத்தர் மகத நாட்டு வயல்களை, வரப்புகள் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கிடந்ததை, ஆனந்தருக்குக் காட்டி அதுபோலச் சீவரம் தைக்க முடியுமா என்று கேட்டதாக விநயபிடகம் சொல்கிறது. இன்றும் பிக்குகளின் ஆடை அப்படித் துண்டுகளாக வெட்டித்தான் தைக்கப்படுகிறது. வெட்டிய துணிக்கு விலை கிடையாது, திருடன் ஆசைப்பட மாட்டான். பிக்குகள் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களில் ஊசியும் ஒன்று. எங்கள் தெருவில் இருக்கிற கிறிஸ்தவ டீச்சர், நான் இதைச் சொன்னபோது, இயேசு ஒட்டுத்துணியைப் பற்றிச் சொன்னதை எடுத்துக் காட்டினார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று சுவிசேஷங்களிலும் அது இருக்கிறது. சலவை காணாத கோடித் துணியைப் பழைய உடையில் ஒட்டுப்போட்டால், புதியது பழையதை இழுத்துக் கிழிசலைப் பெரிதாக்கிவிடும் என்ற கருத்து. அதில் பெரிய உபதேசம் இருக்கிறதென்று டீச்சர் சொன்னார், இருக்கும். எனக்கு முதலில் பட்டது, சொன்னவருக்குத் துணி சுருங்குவது தெரிந்திருக்கிறது என்பது. அருகில் இருந்து யாரோ ஒட்டுப்போடுவதைப் பார்த்தவர் பேச்சு அது.

செயற்கை நூல் என்பதாலேயே ஒதுக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. பூஜைக்கு ஆகாது, மடிக்கு ஆகாது, உடம்புக்கு ஆகாது. இதில் எனக்குச் சம்மதம் இல்லை. கூட்டுப்புழுவை வெந்நீரில் போட்டு எடுக்கிற பட்டுக்கு மடியில் இடம் இருக்கிறதே. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். பருத்தித் துணிக்கு அச்சுப்போடுகிற ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலை அது. டெரிலீன் என்ற பெயரில் நம் வீட்டுக்குள் வந்தபோது, இஸ்திரி போடாமல் உடுத்தலாம், விடிவதற்குள் காய்ந்துவிடும் என்று கொண்டாடினோம். அது வந்தது மண்ணெண்ணெய் வருகிற அதே பூமியிலிருந்து. பழங்காலக் கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் மடிந்து புதைந்து எண்ணெயானதிலிருந்து. சித்தாந்தத்தில் சற்காரியவாதம் என்று ஒன்று சொல்கிறோம்: இல்லாதது தோன்றாது, உள்ளதுதான் வெளிப்படும். அப்படிப் பார்த்தால் பருத்திக்காயில் துணி இருந்தது, பாறைக்குள் பாலியஸ்டர் இருந்தது. இரண்டுக்கும் முதற்காரணம் மாயைதான். ஒன்று இறைவனுக்குக் கிட்டம், மற்றது தூரம் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

பிறகு வேறுபாடு எங்கே? காலத்தில் இருக்கிறது. காலமும் மாயையில் பிறந்த ஒரு தத்துவம்தான். ஒவ்வொரு பொருளும் தனக்குள்ள காலத்தோடு வருகிறது. பருத்தியின் காலம் நமக்குத் தெரியும். ஈரமண்ணில் புதைத்தால் சில மாதத்தில் மக்கும். வியர்வையும் பூஞ்சையும் அதைத் தின்னும். நெருப்பில் காட்டினால் காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் நூலைக் காட்டினால் சுருங்கி உருகிக் கறுப்பு மணியாக இறுகிக்கொள்ளும். கடையில் கலப்படம் கண்டுபிடிக்க எல்லோரும் செய்கிற சோதனைதான் இது. சாம்பலைப் பூசிக்கொள்கிற சமயத்தில் பிறந்தவளுக்கு அந்தக் கறுப்பு மணியைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. எல்லாம் முடிவில் நீறாகும் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு அலைகிறோம். இது நீறாகாது.

இதன் முழு அர்த்தம் எங்கள் ஆற்றில் தெரியும். பாபநாசத்தில் நீராடித் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள், உடுத்தி வந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் புதுசு உடுத்திப் போகிறார்கள். பாவமும் தோஷமும் துணியோடு போய்விடும் என்ற நம்பிக்கை. தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளிக் கரையில் போட்டிருக்கிறார்கள். அந்தக் குவியல்களை நான் போய்ப் பார்ப்பதுண்டு. தொழில்காரியின் கண்ணோடுதான் பார்ப்பேன். பருத்தி வேட்டி கையில் எடுத்தால் கூழாகப் பிய்கிறது. பூனம் சேலையும் சுடிதாரும் பாசியை அலசிவிட்டால் நேற்றுப் போட்டதுபோல இருக்கின்றன. பருத்திச் சட்டை ஒன்று தோள் பக்கம் முழுக்க மக்கிப்போய், அதைத் தைத்த நூல் மட்டும் கழுத்து, கை, பட்டன்பட்டி என்று சட்டையின் கோட்டைப் படம்போலக் காட்டிக்கொண்டு வேரில் சிக்கிக் கிடந்தது. அந்தச் சடங்கை நான் பழிக்க மாட்டேன். சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும், கையால் செய்ய ஒரு செயல் வேண்டும். ஆனால் விட்டுவிட்டேன் என்று மனிதர் சொல்லும்போது, விடப்பட்ட பொருளுக்கும் போகத் தெரிய வேண்டாமா? போகத் தெரியாத துணியில் கட்டி விட்ட பாவம் அடுத்த படித்துறையில் குளிக்கிறவர்களின் காலைச் சுற்றுகிறது.

போன வருஷம் ஒரு பெண் வந்தாள். அரசு வேலையில் இருப்பவள், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பெரிய பை நிறையச் சேலைகள். "அம்மா போயி வருஷம் திரும்பிட்டுக்கா. யாருக்கும் எடுத்துக் குடுக்க மனசு வரல. எல்லாத்தையும் சேத்து ஒரு போர்வையாத் தச்சுத் தாங்க. நல்ல பாலியஸ்டர் நூலாப் போடுங்க. என் காலம், எம் மவ காலம் ஆனாலும் பிரியக் கூடாது" என்றாள். சுங்குடி இரண்டு, வாயில் சேலைகள், வீட்டில் கட்டிக் கட்டி மஞ்சள் படிந்த நூல் சேலைகள். எல்லாம் மெலிந்த துணி. ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் கேட்டது நூல் இல்லை. இந்தப் போர்வைக்குள் அம்மா இருப்பாளா என்று கேட்டாள். நான் படித்த தருக்கப்படி பார்த்தால், துண்டுகள் சேர்ந்து உண்டாகும் போர்வை துண்டுகளில் இல்லாத புதுப்பொருள். அதில் பழைய சேலையைத் தேடக் கூடாது. பௌத்தரைக் கேட்டால் போர்வை என்று தனியாக ஒன்றுமே இல்லை, துண்டுகளுக்கு வைத்த பெயர் அது என்பார். சித்தாந்தி உள்ளதுதான் உருமாறி நிற்கிறது என்பார். அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் பிரமாணம் பேசக் கூடாது. ஆனால் நூலைப் பற்றிச் சொன்னேன். "இந்தச் சேலையெல்லாம் ரொம்ப மெலிஞ்சு போச்சும்மா. வலுத்த நூல் போட்டா துணிதான் கிழியும். பருத்தி நூல்ல தைக்கேன். எங்கயாச்சும் விட்டா கொண்டுவா, திரும்பத் தச்சுத் தாரேன். ஒனக்கும் ஊசி பிடிக்கச் சொல்லித் தாரேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றாள்.

மெல்லிய பருத்தி நூலில் துண்டுகளைக் கோத்தேன். பின்பக்கம் காடாத்துணி கொடுத்து, அடுக்குகளைக் கையாலேயே ஓட்டத்தையல் போட்டுப் பிடித்தேன். பிரியவே கூடாது என்று அவள் சொன்னதை நான் ஏற்கவில்லை என்பது உண்மை. அந்தப் போர்வை ஒரு நாள் தேய்ந்து முடிய வேண்டும் என்றுதான் தைத்தேன். சித்தாந்தத்தில் மலபரிபாகம் என்கிறோம். கட்டு கனிந்து, தன் பிடியை விடும் நிலைக்கு வருகிறது. உயிருக்கு அது நடக்க எத்தனையோ பிறவி ஆகலாம். துக்கத்துக்கு ஒரு போர்வையின் ஆயுள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கங்கே தையல் விடும். அவள் உட்கார்ந்து கோப்பாள். ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கொஞ்சம் நினைப்பாள், கொஞ்சம் விடுவாள். என்றும் விடாத நூல் அவளுக்கு அந்த வேலையைத் தராது.

குழந்தைக்குத் தைக்கும்போது மட்டும் நான் பருத்தி நூலின் பக்கம் நிற்பதில்லை. கைக்குழந்தைக்கு விரிக்கிற துணியைத் தினமும் துவைக்க வேண்டும், சில நாள் இரண்டு மூன்று முறை. மூத்திரமும் சோப்பும் வெயிலும் பருத்தி நூலைச் சீக்கிரம் அரித்துவிடும். விட்ட தையலில் குழந்தையின் விரல் மாட்டும். அங்கே புதுப் பருத்தித் துணி, பாலியஸ்டர் நூல். தயக்கமே இல்லை. வளர வேண்டிய உறவுக்குக் கட்டு உறுதியாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலை மட்டும் எதற்கும் தொடுவதில்லை. இஸ்திரிச் சூட்டில் இளகும், நுனி குத்தும், குழந்தைப் பொருளுக்கு ஆகவே ஆகாது.

சித்தாந்த வகுப்பு எடுக்கிற ஐயாவிடம் ஒருமுறை இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, பற்று மனசில இருக்கு. நூல்ல இல்ல. துறக்கிறவனுக்கு எந்தத் துணியா இருந்தா என்ன?" என்றார். அவர் மேல் எனக்கு மதிப்பு அதிகம். இந்த ஒன்றில் மட்டும் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்று உடல், கருவிகள், உலகம், அனுபவம் நான்கையும் இறைவன் உயிருக்குக் கொடுக்கிறான் என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மனம் பொருளோடு பழகித்தானே எதையும் கற்கிறது? தேயாத பொருள்களுக்கு நடுவில் வாழ்கிறவன் தேய்வை எங்கே போய்ப் படிப்பான்? துறக்கிறவனின் மனம் விடுதலையானாலும், அவன் விட்ட துணி ஆற்றில்தான் இருக்கிறது. அதற்கும் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு அது சமூகக் கேள்வி, எனக்கு அது சமயக் கேள்வியேதான்.

பாலியஸ்டர் நூலில் தைத்துக் கொடுப்பவற்றுக்கு இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். தானாகக் கனியாத கட்டை நான் போட்டால், அவிழ்க்கிற வேலையும் என்னுடையது. அதனால் தையலைக் கொஞ்சம் நீளமாகவே வைக்கிறேன், பிரிப்பது சுலபம். பின்பக்க மூலையில் என்ன நூல் என்று எழுதித் தைத்துவிடுகிறேன். வாங்குகிறவர்களிடம், "ஆத்துல விட்றாதீங்க. சிதையிலயும் போடாதீங்க. பழசாயிட்டா எங்கிட்டயே கொண்டாங்க" என்று சொல்கிறேன். சிலர் கொண்டுவருகிறார்கள். தையலைப் பிரித்து நூலை உருவித் தனியே சேர்த்து வைக்கிறேன், பருத்தித் துண்டுகள் தென்னைக்கு அடியில் போகின்றன. நூல் ஒரு டப்பாவில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வகுப்பிலும் கேட்டேன், நகராட்சியிலும் கேட்டேன்.